ஊர்ச் செய்தியும் ஊர்த் தொண்டும்

(சங்க ஆண்டு விழாவில் நூல்நிலையக் குழுவின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியப் பேருரை ஆற்ற வந்திருக்கும் அறிஞர் பெருமக்களுக்கிடையே எங்களையும் கால் மணி நேரம் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்துவிட்டார்கள். நூல்நிலையக் குழுவில் நாங்கள் நால்வர். நால்வரும் ரயில்வே குமாஸ்தாக்கள். பள்ளியிறுதி வகுப்புக்கு மேல் படியாதவர்கள். பார்சல் கணக்கும் சம்பளப் பட்டியலும் எழுதித் தேய்ந்த எங்கள் கை கம்பனைத் தொடுவதற்குக் கூசுகிறது. ஆதலின், இவ்வாண்டு நூல்நிலையத்துக்கு வந்து சேர்ந்த ஒரு காகிதக் கட்டைப் பற்றியே சொல்லலாம் எனத் துணிந்தோம். பேசும் வாய் ஒன்றாயினும், படித்ததும் வியந்ததும் நால்வருமே.

இங்கிலாந்தின் தென்மேற்கே ஸாமர்ஸெட் என்றொரு மாவட்டம் உண்டு. கறவைப் பசுக்களுக்கும் ஆப்பிள் தோட்டங்களுக்கும் பெயர் பெற்ற சீமை அது. நம் காலனியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் மகள் அங்கே மருத்துவமனையில் நர்ஸாகப் பணிபுரிகிறார். வேலை நகரத்தில், குடியிருப்பு ஏழு மைல் தள்ளி ஒரு சிற்றூரில். நூற்றைம்பது வீடுகள் இருந்தால் அதிகம் என்கிறார். சென்ற விடுமுறையில் வந்திருந்தபோது, "நூல்நிலையத்துக்கு ஏதேனும் கொண்டு வந்தாயா, அம்மா?" என்று கேட்டோம். நல்ல ஆங்கில நாவல் நாலைந்து கிடைக்கும் என்பது எங்கள் ஆசை. அவரோ நூல்கயிற்றால் கட்டிய ஒரு கட்டை மேசைமேல் வைத்து, "மாமா, இவை எங்கள் ஊர்ப் பத்திரிகையின் இரண்டு வருஷத்து இதழ்கள். படித்துப் பாருங்கள்" என்றார்.

ஏமாற்றத்தோடுதான் பிரித்தோம். எட்டுத் தாளை மடித்து நடுவில் கம்பி தைத்த மாத இதழ். லண்டனைப் பற்றி ஒரு வரி இல்லை. மந்திரிசபையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பாலத்தருகே ஓடை அடைத்துக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மண்வெட்டியோடு வரக்கூடியவர்கள் வரலாம், தேநீர் உண்டு. நடமாடும் நூலக வண்டி இனிச் செவ்வாய்க்கிழமைகளில் வரும். சாம்பல் நிறப் பூனை ஒன்றைக் காணவில்லை. கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டும் முறைப் பட்டியலில் ஆகஸ்டு மாதத்துக்கு ஆள் இல்லை. இன்னாருடைய மனைவி காலமானார். மலர் வளையம் அனுப்ப நினைப்போர் அந்தப் பணத்தை ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் நிதிக்கு அளித்தால் குடும்பத்தார் மகிழ்வர். (அந்நாட்டில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ்கள் பெரும்பாலும் மக்களின் நன்கொடையால் ஓடுகின்றன என்று பிறகு தெரிந்துகொண்டோம்.) 'இதையா இத்தனை தூரம் சுமந்து வந்தாள் இந்தப் பெண்?' என்று எங்களுள் ஒருவர் முணுமுணுத்தார்.

இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. அந்தப் பத்திரிகையில் செய்தி வேறு, வேண்டுகோள் வேறு என்ற பிரிவே இல்லை. ஓடை அடைத்தது செய்தி. மண்வெட்டி வேண்டும் என்பது அதன் பிற்பாதி. ஒவ்வொரு குறைக்கும் ஒரு நாள், ஒரு மணி, ஒரு தொலைபேசி எண் உண்டு. 'ஊருக்கு உழைப்போம் வாரீர்' என்ற முழக்கம் இரண்டு வருஷத்து இதழ்களில் ஓரிடத்திலும் இல்லை. 'இரண்டு மணி நேரம் ஏணி பிடிக்க ஒருவர் தேவை' என்றே எழுதுகிறார்கள். இரண்டு மணி நேரம் ஏணி பிடிக்க யாருக்குத்தான் முடியாது?

இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததன்று. 1859-இல் டார்பி நகரத்தில் ஜான் எர்ஸ்கின் கிளார்க் என்ற பாதிரியார் ஓர் உபாயம் கண்டார். கதையும் படமும் கட்டுரையும் அடங்கிய பொதுப் பக்கங்களை ஓரிடத்தில் அச்சிட்டு ஊர்களுக்கு அனுப்புவது. அவ்வூரார் தங்கள் ஊர்ச் செய்திகளை நாலு பக்கம் அச்சிட்டு அதன்மேல் உறையாகச் சுற்றிக்கொள்வது. எந்த ஏழைக் கிராமமும் சொற்பச் செலவில் தனக்கொரு பத்திரிகை வைத்துக்கொள்ள இது வழி செய்தது. மக்கள் ஆவலோடு முதலில் புரட்டியது உள்ளே இருந்த கதையையா, மேலே இருந்த ஊர்ச் செய்தியையா என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. பொதுப் பக்கங்கள் காலத்தால் பெரும்பாலும் மறைந்தன. மேலுறை இன்றும் இருக்கிறது.

பாரிஷ் என்பது ஆதியில் ஒரு மாதா கோவிலுக்கு உட்பட்ட எல்லை. ஊர்க் காரியமும் கோவில் காரியமும் ஒரே அறையில் நடந்துவந்தன. 1894-இல் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றி இரண்டையும் பிரித்தது. முந்நூறு பேரும் அதற்கு மேலும் உள்ள கிராமங்களுக்குத் தேர்தல் மூலம் பாரிஷ் சபைகள் ஏற்பட்டன. ஏறத்தாழ நம் கிராமப் பஞ்சாயத்துப் போல என்று வைத்துக்கொள்ளலாம். பெண்களுக்குப் பார்லிமெண்டுத் தேர்தலில் வாக்குரிமை வந்தது 1918-இல். பாரிஷ் சபையிலோ 1894-லேயே பெண்கள் வாக்களிக்கவும் அங்கத்தினராக நிற்கவும் முடிந்தது. இங்கிலாந்தில் இன்று இத்தகைய சபைகள், சிறு நகரங்களின் சபைகளையும் சேர்த்து, சுமார் 10,000 உள்ளன. அங்கத்தினர்களுள் மிகப் பெரும்பாலோர் ஊதியம் பெறுவதில்லை.

ஊதியம் பெறுபவர் ஒருவர் உண்டு. அவர் யார் தெரியுமா? குமாஸ்தா! தலைவர் வருவார், போவார். சபையின் கடிதம், கணக்கு, தீர்மானப் புத்தகம், நோட்டீஸ் எல்லாம் குமாஸ்தா பொறுப்பு. வாரத்தில் சில மணி நேர வேலைதான். ஆயினும், கூட்டம் நடக்க மூன்று முழு நாட்களுக்கு முன்பு ஊரார் கண்ணில் படும் இடத்தில் அறிவிப்பு இருக்கவேண்டும் என்பது சட்டம். குமாஸ்தா அந்தக் காகிதத்தைப் பலகையில் குத்த மறந்தால் கூட்டம் செல்லுமா என்பதே கேள்வியாகிவிடும். எங்கள் இனத்தார்க்கு இத்துணை மகிமை உலகில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அதனால் இந்தப் பகுதியை மட்டும் சற்று உரக்கப் படித்தோம்.

அந்த அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் உரிமை ஒன்று நிற்கிறது. சபைக் கூட்டங்களில் பொதுமக்களும் பத்திரிகையாளரும் வந்து அமர 1960-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர், அப்போது பார்லிமெண்டுக்குப் புதிதாக வந்திருந்த மார்கரெட் தாட்சர் அம்மையார். 2015 முதல், ஆண்டு வரவு செலவு 25,000 பவுனுக்கு மேற்படாத சிறு சபைகள் 100 பவுனைத் தாண்டிய ஒவ்வொரு செலவையும் வெளியிட வேண்டும். ஊரிலுள்ள வாக்காளர் ஆறு பேர் சேர்ந்து கேட்டால், காய்கறி பயிரிடத் துண்டு நிலங்கள் ஒதுக்குவது பற்றிச் சபை ஆலோசித்தே தீரவேண்டும் என்பது பழைய சட்டம். ஆறு பேர்! நம் சங்கத்தில் பின் வரிசையில் அமர்ந்து முறையிடுவோரே ஆறு பேருக்கு மேல் தேறுவார்கள்.

அங்கே சச்சரவு இல்லை என்று யாரும் எண்ணவேண்டாம். செஷயர் பகுதியில் ஒரு பாரிஷ் சபை 2020 டிசம்பரில் கம்ப்யூட்டர் வழியே கூடியபோது அங்கத்தினர்கள் ஒருவரையொருவர் வைதுகொண்ட காட்சி, இரண்டு மாதம் கழித்து வெளியாகி உலகமெங்கும் பல லட்சம் பேர் கண்டு சிரித்தார்கள். நாங்களும் கண்டோம். நம் சங்கப் பொதுக்குழுவை நினைத்து ஆறுதல் அடைந்தோம்.

இனி எங்கள் தொழிலோடு ஒட்டிய ஒரு வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

இங்கிலாந்தின் தெற்கே ஸஸெக்ஸ் மாவட்டத்தில் லூயிஸ் என்ற ஊரிலிருந்து கிழக்கு கிரின்ஸ்டெட் வரை கிராமங்களின் ஊடே ஒரு கிளைப் பாதை ஓடிற்று. வருமானம் போதவில்லை என்று 1955-இல் அதை மூடினார்கள். கிராமத்தார் வருந்தினர், வருந்தியதோடு பெரும்பாலோர் நின்றனர். அப்பகுதியில் வாழ்ந்த மாட்ஜ் பெஸமர் என்ற அம்மையார் அப்படி நிற்கவில்லை. எஃகு உருக்கும் முறையைக் கண்ட ஹென்றி பெஸமரின் பேத்தி அவர். அவர் செய்தது மிக எளிய காரியம்: அந்தப் பாதையை அமைக்க இயற்றிய 1877, 1878-ஆம் ஆண்டுச் சட்டங்களை எடுத்துப் படித்தார். தினந்தோறும் நான்கு ரயில்கள் ஓடவேண்டும் என்ற விதி அதில் இருந்தது. பார்லிமெண்டு அந்த விதியை நீக்கும் வரை பாதையை மூட ரயில்வேக்கு அதிகாரமில்லை!

அத்தனை பெரிய ரயில்வே நிர்வாகமும் அந்த அம்மையார் காட்டிய வாசகத்துக்குப் பணிந்து 1956 ஆகஸ்டில் மீண்டும் வண்டி விட்டது. மனமில்லாமல் விட்ட வண்டிகள்தாம். சட்டம் சொன்ன நான்குக்கு மேல் ஐந்தாவது ஓடவில்லை. பிறகு பார்லிமெண்டில் விதியை நீக்கி 1958 மார்ச்சில் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். ஆனால் அந்த ஒன்றரை வருஷத்தில் கிளைப் பாதையின் பெயர் நாடெங்கும் பரவிவிட்டது. 1959-இல் ஒரு சங்கம் கூடிற்று. 1960 ஆகஸ்டு 7-ஆம் நாள், அந்தப் பாதையின் ஒரு பகுதியில், தொண்டர்களே என்ஜின் ஓட்டி, தொண்டர்களே கொடி காட்டி, தொண்டர்களே டிக்கெட் கொடுத்து, பிரயாணிகளை ஏற்றிச் சென்றார்கள். அதுவே புளூபெல் ரயில்வே. இதற்கு முன்பே, 1951-இல், வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்ற குறுகிய பாதையைத் தொண்டர்கள் ஏற்று நடத்தத் தொடங்கியிருந்தனர். ஸ்டாண்டர்டு கேஜ் பாதையில் புளூபெல் முன்னோடிகளுள் ஒன்று. 2013-இல் அதன் தண்டவாளம் மீண்டும் கிழக்கு கிரின்ஸ்டெட் வரை நீண்டது. 1963-இல் பீச்சிங் என்பார் அளித்த அறிக்கை 2,363 ரயில் நிலையங்களை மூடச் சொன்ன நாட்டில் இது நடந்திருக்கிறது.

டிக்கெட் கொடுப்பதற்குச் சம்பளம் வாங்கும் நாங்கள், சம்பளமின்றி டிக்கெட் கொடுக்க ஞாயிற்றுக்கிழமையில் ஐம்பது மைல் வருகிறவர்களைப் பற்றிப் படித்தபோது முதலில் சிரித்தோம். இந்தச் சிரிப்பு வெகுநேரம் நீடிக்கவில்லை.

பெண்மக்களின் தொண்டைச் சொல்லாமல் விடுவது நன்றியன்று. 1897-இல் கனடா நாட்டில் தோன்றிய மாதர் கழகம் 1915-இல் பிரிட்டனுக்கு வந்து கிராமங்களில் வேரூன்றிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மரத்திலேயே அழுகிப் போகவிருந்த பழங்களை ஜாமாகக் காய்ச்சி நாட்டுக்கு அளித்தவர்கள் அந்தக் கழகத்தார். அதே காலத்துக்காக 1938-இல் மற்றொரு மாதர் தொண்டர் படையை ஏற்படுத்தியவர் ரீடிங் சீமாட்டி ஸ்டெல்லா அம்மையார். குண்டு வீச்சுக்கு அஞ்சி நகரத்திலிருந்து அனுப்பப்பட்ட குழந்தைகளைக் கிராமத்து வீடுகளில் சேர்ப்பித்தது அந்தப் படை. அம்மையாருக்கு நம் நாட்டோடு தொடர்பு உண்டு: 1920-களில் டெல்லியில் வைஸ்ராய் மாளிகையில் காரியதரிசி வேலை பார்த்தவர், வைஸ்ராயாக இருந்த ரீடிங் பிரபுவைப் பின்னாளில் மணந்தவர்.

இக்காலத்து நிலை அவ்வளவு இனிமையாக இல்லை. பஸ் குறைந்துவிட்டது, 2007-க்கும் 2009-க்கும் இடையே மட்டும் பிரிட்டனில் சுமார் 2,500 அஞ்சல் நிலையங்கள் மூடப்பட்டன. கடை மூடிய கிராமங்கள் பலவற்றில் ஊராரே பங்கு போட்டுக் கடை நடத்துகின்றனர். முறை வைத்துக் கல்லாவில் அமர்கின்றனர். கும்பிரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற ஊரில் 2003-இல் மதுக்கடையையே ஊரார் கூட்டுறவு முறையில் வாங்கினர். (மதுவிலக்கு அன்பர்கள் பொறுத்தருள்க. அங்கே அது நம் ஊர்த் திண்ணை போல.) யாரும் பேசாத சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளைத் தொலைபேசிக் கம்பெனி 2008 முதல் ஒரு பவுன் விலைக்குக் கிராமங்களுக்குக் கொடுத்துவருகிறது. ஸாமர்ஸெட்டிலேயே வெஸ்ட்பரி-சப்-மெண்டிப் என்னும் ஊரார் 2009-இல் அதில் புத்தகங்களை அடுக்கிவிட்டனர்: ஒன்றை வை, ஒன்றை எடு. நூல்நிலையத்தார் என்ற முறையில் எங்களுக்குப் பொறாமை. வேறு பல ஊர்களில் அந்தக் கூண்டுக்குள், துடிப்புத் தாறுமாறான இதயத்தை மின்னதிர்ச்சியால் சீராக்கும் கருவி தொங்குகிறது. ஆம்புலன்ஸ் வந்து சேருமுன் அதை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குப் பயிற்சி பெற்ற தொண்டர்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். ஓடுகிறவர்களுள் பலர் தாமே முதியவர்கள் என்று நம் நர்ஸ் அம்மாள் சொன்னபோது சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. அவ்வூரில் எல்லாக் காரியத்துக்கும் பெயர் கொடுப்பவர்கள் அதே பதினைந்து பேர். அவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது.

அந்தக் கட்டின் பிற்பகுதியில், ஒரு மார்ச் மாத இதழின் கடைசிப் பக்கத்தில், கட்டம் போட்ட ஓர் அறிவிப்பைக் கண்டோம். பதினெட்டு வருஷம் ஆசிரியராக இருந்தவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. இதழைக் கொண்டுபோய் வீடுகளில் போட்டுவந்தவர்களுள் ஒருவர் காலமானார், இருவர் ஊர் மாறிவிட்டனர். மே மாதத்து ஆண்டு ஊர்க் கூட்டத்துக்குள் எவரும் முன்வராவிட்டால் ஜூன் இதழே கடைசி இதழ்.

ஏப்ரல் இதழை அவசரமாகத் தேடினோம். அதே கட்டம், அதே வாசகம். அதற்குக் கீழே 'இதுவரை எவரும் இல்லை' என்று ஒரு வரி மட்டும் கூடியிருந்தது.

மே இதழிலும் அப்படியே. எங்களுள் மூத்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். பார்த்தறியாத ஊர், பேசியறியாத மனிதர். அவர்களுடைய பத்திரிகை நின்றுவிடுமோ என்று பிலாஸ்பூரில் ஒரு ரயில்வே குவார்ட்டர்ஸில் நால்வர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

ஜூன் இதழ் கட்டில் இருந்தது. எட்டுத் தாள் இல்லை, நாலு தாள். எழுத்துப் பிழைகள் இருந்தன; வருந்துகிறோம் என்றும் இருந்தது. ஆசிரியர் வேலையை இருவர் பகிர்ந்து ஏற்றிருந்தனர். இதழை வீடுகளில் போடுவோர் பட்டியலில் ஐந்து புதிய பெயர்கள். மூன்றாவது பெயர் தமிழ்ப் பெயர்!

அந்தப் பெண்ணை அழைத்துக் கேட்டோம். இரவு வேலை பார்த்து வருகிறவளுக்கு முப்பத்திரண்டு வீடு ஏறி இறங்குவது சிரமமில்லையா என்றோம். அவர் கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது, பிரிட்டிஷ் அரசாங்கம் மருத்துவத் துறைக்கு உதவத் தொண்டர்களை அழைத்தது. சில நாட்களில் 7,50,000 பேர் பெயர் கொடுத்தார்கள். அது நாட்டுச் செய்தி. அவருடைய ஊரில் நடந்தது வேறு. யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் அடித்து, வீடு வீடாகக் கதவிடுக்கில் சீட்டுப் போட்டிருந்தார்: 'என் பெயர் இது. இந்த வீட்டில் இருக்கிறேன். பால், ரொட்டி, மருந்து வாங்கி வரவேண்டுமானால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்.' அப்போது அவர் அவ்வூருக்கு வந்து நாலு மாதமே ஆகியிருந்தது. ஒருவரையும் தெரியாது. மருத்துவமனையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் கடை மூடியிருக்கும். மூன்று நாள் தயங்கி, நாலாம் நாள் அந்த எண்ணுக்குப் பேசினார். அன்று மாலை வாசற்படியில் பாலும் ரொட்டியும் இருந்தன. மறுநாளும், அதற்கடுத்த நாளும்.

"அந்தச் சீட்டை எழுதிப் போட்டவர்தான், மாமா, பிறகு இறந்துபோனது. அவர் பத்திரிகை போட்டுவந்த முப்பத்திரண்டு வீடுதான் இப்போது என்னுடையது" என்றார்.

அன்பர்களே, இப்போது எங்கள் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். நம் சங்கத்துக்கும் ஒரு மாதச் சுற்றறிக்கை இருந்தது, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஸைக்கிளில் கொண்டுபோய் வீடுகளில் கொடுத்துவந்தோம். வாட்ஸாப் வந்தபின் அதை நிறுத்தினோம். இப்போது செய்தி வருகிறது. காலை வணக்கப் பூங்கொத்துகளுக்கிடையே அது எந்த மூலையில் வந்தது, யார் படித்தார் என்று எவருக்கும் தெரிவதில்லை. மேலும் ஒன்று. எங்கள் நால்வரில் மூத்தவர் இவ்வாண்டு ஓய்வு பெற்று ஊருக்குப் போகிறார். மற்றொருவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. கடந்த மூன்று மாதத்தில் பதின்மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நூல்நிலையம் திறந்தது ஐந்து நாள்தான். வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பிய குழந்தைகள் இருக்கிறார்கள். இதை நாங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. கேட்பது யாசகம் போல இருக்குமே என்ற வெட்கம். முப்பது வருஷமாக நடந்துவருவது தானே நடக்கும் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். நடக்கவில்லை என்ற செய்தியை உங்களுக்குத் தராமல் ஒளித்தவர்கள் நாங்களே.

வாயிலில் உங்கள் கையில் ஒரு தாள் கொடுத்திருப்பார்கள். சுற்றறிக்கையை மீண்டும் தொடங்கியிருக்கிறோம்; இது முதல் இதழ், ஒரே தாள். அதில் கட்டம் போட்ட இடத்தைப் பாருங்கள். ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை நூல்நிலையத்தைத் திறந்து வைக்க இருவர் தேவை. மாதத்தில் ஒரு ஞாயிறு முடிந்தாலும் போதும். சுற்றறிக்கையைத் தெற்குக் காலனியில் கொடுக்க ஒருவர் தேவை. இருபத்தாறு வீடுகள், நடந்தே முடித்துவிடலாம். பெயரெழுத நோட்டுப் புத்தகம் சிற்றுண்டிப் பந்தலில் காபிப் பாத்திரத்துக்கு அருகே இருக்கிறது. பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம்.